பழைய உறுப்பினர்களின் கட்டண உயர்வு: உடற்பயிற்சிக்கூட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். 2016 முதல் உங்கள் கூடத்தின் விடியற்காலை ஐந்தரை மணி வகுப்புக்கு வந்துகொண்டிருப்பவர்களில் நானும் ஒருத்தி. சென்ற மாதம் 26-ஆம் தேதி இரவு, மாதக் கட்டணம் 350 ராண்டிலிருந்து 480 ராண்டாகிறது என்று வாட்ஸ்அப்பில் இரண்டே வரியில் தெரிவித்தீர்கள். முதல் தேதியன்று டெபிட் ஆர்டர் வழியாக எங்கள் வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் புதிய தொகையைப் பிடித்தும்விட்டீர்கள். அதே வாரம் வாசலில் கட்டிய பதாகையோ, புதிதாகச் சேருவோருக்கு ஆறு மாதம் வரை 299 ராண்டு என்கிறது.

கட்டணமே உயரக் கூடாது என்று நான் வாதிடவில்லை. வாடகை, மின்கட்டணம், பயிற்சியாளர் சம்பளம் எல்லாம் ஏறுவதை அறிவோம். 2018 ஏப்ரலில் மதிப்புக்கூட்டு வரி 14 விழுக்காட்டிலிருந்து 15 ஆனபோது, ஒரு மாதம் முன்னதாகவே காரணத்தையும் தேதியையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினீர்கள். யாரும் முகம் சுளிக்காமல் கட்டினோம். இம்முறை மனத்தை வருத்துவது, பல ஆண்டுகளாக உடனிருந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஆண்டுக்கு 1,560 ராண்டைக் கூட்டிவிட்டு, நேற்று வந்தவருக்குச் சலுகை தருவதுதான்.

2020 மார்ச் 27-இல் நாடு முடக்கப்பட்டு, ஆகஸ்ட் வரை கூடம் பூட்டிக் கிடந்தபோது, பயிற்சியாளர்களை நிறுத்தாமலிருக்கப் பாதிக் கட்டணமாவது தாருங்கள் என்று கேட்டீர்கள். கொடுத்தோம். லோட் ஷெடிங் எனும் மின்வெட்டு நாட்களில் கைப்பேசி வெளிச்சத்தில், பயிற்சியாளர் கைதட்டி எண்ண, வியர்வையோடு வகுப்பை முடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போனோம். என் பக்கத்துப் பாயில் பயிற்சி செய்யும் அக்கா, சர்க்கரை ஏறிப்போய் மருத்துவர் சொல்லி வந்தவர். அரசு தரும் முதியோர் உதவித்தொகையிலிருந்து கட்டுகிறார். செய்தி வந்த மறுநாள், தம் பாயைச் சுருட்டிக் கயிறு கட்டியபடி, "இந்த மாதத்தோடு நின்றுக்கிறேன் அம்மா" என்றார். இவ்வூரில் சர்க்கரை நோயாளி இல்லாத தமிழ்க் குடும்பத்தைக் காண்பது அரிது என்பது உங்களுக்கும் தெரியும். மெஷின்களை ரசிக்க அவர் வரவில்லை. மருந்தின் அளவு கூடாமல் பார்த்துக்கொள்ள வந்தார்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். எங்களில் பலருடைய ஓராண்டு ஒப்பந்தம் இந்த முதல் தேதியோடுதான் புதுப்பிக்கப்பட்டது. 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி, இத்தகைய ஒப்பந்தம் முடிவதற்கு 40 முதல் 80 வேலை நாட்களுக்கு முன்பே, புதுப்பித்தால் வரும் முக்கிய மாற்றங்களை நீங்கள் எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். 20 வேலை நாள் முன்னறிவிப்புக் கொடுத்து விலகும் உரிமையும் எங்களுக்கு உண்டு. நுகர்வோர் ஆணையத்தை அணுகவும் வழி உண்டு. ஆயினும், வழக்காடிப் பிரிவதை விட உங்களோடு பேசித் தீர்ப்பதையே விரும்புகிறோம்.

ஆகவே, கூடுதலாகப் பிடித்த 130 ராண்டை இம்மாதமே திருப்பித் தாருங்கள். உயர்வுக்கான காரணத்தை எழுத்தில் தெரிவித்து, உரிய கால அவகாசத்துக்குப் பிறகு, படிப்படியாக உயர்த்துங்கள். உதவித்தொகையில் வாழும் மூத்தவர்களுக்குப் பழைய கட்டணமே தொடரட்டும். புதியவருக்குத் தரும் விலையை விடப் பழையவர் அதிகம் கட்டும் நிலை வேண்டாம்.

வரும் சனிக்கிழமை காலை வகுப்பு முடிந்ததும் நாங்கள் கூடத்திலேயே காத்திருப்போம். நீங்களும் வாருங்கள், அந்த அக்காவையும் அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
காலை வகுப்பு உறுப்பினர்களின் சார்பில் ஒருத்தி