அந்த டிப்ளமோ தீயணைப்புத் துறைக்குச் செல்லாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கல்விச் சிறப்பிதழில் பத்தாம் வகுப்புக்குப் பிறகு என்ன படிக்கலாம் என்ற பகுதியைப் படித்தேன். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், நர்சிங் பற்றியெல்லாம் விவரமாக எழுதியவர், தீயணைப்புக்கு வந்ததும் ஒரே வரியில் முடித்துவிட்டார்: ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமோ படித்தால் தீயணைப்புத் துறையில் சேரலாமாம். அந்த வரிக்குப் பக்கத்திலேயே அதே டிப்ளமோவுக்கு அரைப்பக்க விளம்பரம் வேறு. நிலைய அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

தமிழ்நாட்டில் தீயணைப்பாளரைத் தேர்ந்தெடுப்பது சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் எல்லாவற்றுக்கும் பொதுவான தேர்வு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். தமிழ்த் தகுதித் தேர்வில் தேறியவர்களின் விடைத்தாளைத்தான் மேற்கொண்டு திருத்துவார்கள். முதன்மை எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண்: பொது அறிவில் 45 கேள்வி, உளவியலில் 25. அப்புறம் உயரம், மார்பளவு பார்ப்பார்கள். 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். கயிறு ஏறுவது, தாண்டுவது போன்ற உடல்திறன் போட்டிகளுக்கு 24 மதிப்பெண். மிச்சம் 6 சிறப்பு மதிப்பெண், அது என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு. இந்த 100-இல் அந்த டிப்ளமோவுக்கு அரை மதிப்பெண்கூடக் கிடையாது. அந்தக் காசில் நல்ல ஷூ வாங்கிக் காலையில் மைதானத்துக்குப் போனாலாவது பலன் உண்டு.

பட்டம் முடித்தவர்கள் நிலைய அலுவலர் பதவிக்கு இதே வாரியத்தின் தேர்வை எழுதலாம். அதற்கும் மேலே அதிகாரியாக வர வேண்டுமென்றால் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1. குரூப் 1 என்றதும் மேசை வேலை என்று நினைத்துவிட வேண்டாம். அப்படி வந்த பிரியா ரவிச்சந்திரன் அவர்கள்தான் 2012 ஜனவரியில் சேப்பாக்கம் கலச மஹால் தீ விபத்தில் உள்ளே இறங்கிப் பலத்த தீக்காயம் பட்டார். அன்றைக்கு எங்கள் துறை ஒரு வீரரையும் அங்கே இழந்தது.

எங்கள் தெருவில் ஒரு பையன். அவன் அப்பா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறார். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துத்தான் ஒரு நிறுவனத்தில் ஆறு மாதம் படிக்க வைத்தார்கள். (பெயர் வேண்டாம், அந்த மாதிரி ஊருக்கு ஒன்று இருக்கிறது.) படித்து முடித்துச் சான்றிதழோடு வந்து நின்றான். ஹாலோகிராம் மின்னியது. 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கீழே இருந்த எண்ணைப் பார்த்தேன், அது அங்கீகார எண் அல்ல, சங்கமாகப் பதிவு செய்த எண். "மாமா, இதை வச்சு ஃபயர் சர்வீஸ்ல எங்க அப்ளை பண்றது?" என்றான். செய்முறையில் என்னடா சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். ரெண்டு நாள் எக்ஸ்டிங்குஷர் அடிக்க விட்டார்களாம், மிச்சமெல்லாம் கம்ப்யூட்டரில் படம் காட்டினார்களாம். மூச்சுக் கருவியை அவன் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை.

இந்தத் தொழிலைப் படம் காட்டிச் சொல்லித்தர முடியாது, ஆசிரியரே. தேர்வானவர்களைத் தாம்பரத்தில் உள்ள மாநிலப் பயிற்சி மையத்தில் போட்டு எடுப்பார்கள். உருட்டி வைத்த 15 மீட்டர் ஹோஸை ஒரே வீச்சில் விரிக்க வேண்டும். நடுவில் முறுக்கு விழுந்தால், பம்ப் ஓடியதும் தண்ணீர் அந்த இடத்திலேயே திணறி நிற்கும். முன்னால் பிராஞ்சை (ஹோஸின் முனைக் குழலை) பிடித்தவன் கையில் ஒன்றும் வராது. மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டு இருட்டறைக்குள் தவழ வேண்டும். சுவரை உள்ளங்கையால் தடவக் கூடாது, புறங்கையால்தான் தடவ வேண்டும். மின்சாரம் பாயும் கம்பி பட்டால் உள்ளங்கை அதை இறுகப் பிடித்துக்கொள்ளும், புறங்கை என்றால் உதறி விலகிவிடும். அந்தக் கருவியின் சிலிண்டரில் 300 பார் அழுத்தத்தில் காற்று இருக்கும். 50 பார் பக்கம் இறங்கியதும் விசில் அடிக்கும். அந்த விசில் கேட்ட பிறகு திரும்பலாம் என்று இருப்பவன் பிழைப்பது கஷ்டம். உள்ளே போன தூரமெல்லாம் திரும்பி வர வேண்டுமே! அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்துப் பார்த்து முன்னாலேயே கணக்குப் போட வேண்டும்.

சுமார் மூன்று மாதப் பயிற்சியில் இவ்வளவும் ஏறிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். 2020 தீபாவளியன்று மதுரையில் ஜவுளிக்கடைத் தீயை அணைக்கப் போன இரண்டு தீயணைப்பாளர்கள் பழைய கட்டடம் சரிந்து இறந்தார்கள். சூடேறிய சுவர் எப்போது விழும் என்று கண்டுபிடிக்கிற பாடம் நிலையத்துக்கு வந்த பிறகும் தொடர வேண்டும். எங்களுக்கு மாடு விழுந்த கிணறும் ஒரு நாள் வரும், பட்டாசு ஆலையும் ஒரு நாள் வரும். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு படிப்பு. பணியில் சேர்ந்தவர்களுக்கு மறுபயிற்சி போதவில்லை என்பது என் பழைய ஆதங்கம். அதைத் தனிக் கடிதமாகவே எழுதலாம்.

சரி, துறைக்கு வெளியே வழியே இல்லையா என்றால், இருக்கிறது. மத்திய உள்துறையின் கீழ் 1956-இல் தொடங்கிய தேசியத் தீயணைப்புக் கல்லூரி நாக்பூரில் இருக்கிறது. அங்கே சப்-ஆபீசர் படிப்பும் உண்டு, ஃபயர் இன்ஜினியரிங்கில் பட்டப்படிப்பும் உண்டு. இந்தியன் ஆயில் போன்ற எண்ணெய் நிறுவனங்கள் தங்கள் தீயணைப்புப் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது நாக்பூர் சப்-ஆபீசர் படிப்பையோ அதற்கு இணையானதையோ கேட்கின்றன. கூடவே கனரக வாகன லைசென்ஸும் கேட்கின்றன. விமான நிலைய ஆணையம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களையும் மெக்கானிக்கல், ஆட்டோமொபைல், ஃபயர் டிப்ளமோ முடித்தவர்களையும் எடுத்துத் தானே பயிற்சி கொடுக்கிறது. அதுவும் முறையான மூன்றாண்டு டிப்ளமோ. ஆறு மாதத்தில் கையில் கொடுப்பது அங்கேயும் செல்லாது. மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையான சி.ஐ.எஸ்.எஃப்.-இல் தீயணைப்புக் காவலர் பதவிக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் படித்திருக்க வேண்டும்.

சேஃப்டி ஆபீசர் என்பது வேறு வேலை. தீயை அணைப்பது அவர் வேலை அல்ல, தீ பிடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான். ஆயிரம் பேர், அதற்கு மேல் வேலை செய்யும் ஆலைக்கு அப்படி ஒருவர் வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தில் பின்னர் சேர்ந்த விதியாக இருந்தது; 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அது 500 பேர் என்று ஆகியிருக்கிறது. அதற்கு மதிப்புள்ள படிப்பு சென்னை தரமணியில் உள்ள மத்திய அரசின் ரீஜனல் லேபர் இன்ஸ்டிடியூட்டில் இருக்கிறது. ஆனால் அங்கே போக முதலில் இன்ஜினியரிங் டிப்ளமோவோ பட்டமோ கையில் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்த பையனை இந்த வேலையையும் தீயணைப்பாளர் வேலையையும் ஒன்றாகக் காட்டி இழுப்பதுதான் இந்த நிறுவனங்களின் சாமர்த்தியம்.

இவர்கள் இப்படிப் பிழைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. தீயணைப்பு நம் நாட்டில் மாநிலங்களின் பொறுப்பு, அரசியல் சட்டத்தின் 12-ஆவது அட்டவணைப்படி நகராட்சிகளின் பட்டியலிலும் வருகிறது. அதனால் ஆளுக்கொரு விதி. அமெரிக்காவில் ஃபயர்ஃபைட்டர் 1, ஃபயர்ஃபைட்டர் 2 என்று சான்றிதழ்ப் படிகள் இருக்கின்றன. ஒருவனுக்கு என்னென்ன செய்யத் தெரிய வேண்டும் என்று எழுதி வைத்து, செய்து காட்டச் சொல்லித் தேர்வு வைக்கிறார்கள். இங்கே எல்லா மாநிலமும் ஏற்கும் அப்படி ஒரு அடிப்படைச் சான்றிதழ் இல்லை. அந்தக் காலி இடத்தில்தான் ஹாலோகிராம் ஒட்டி விற்கிறார்கள். நம் துறையே தாம்பரத்தில் வெளி ஆட்களுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு அடிப்படைப் பயிற்சி கொடுத்து, செய்முறைத் தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுக்கலாம். மால், மருத்துவமனை, பட்டாசு ஆலை எல்லாவற்றுக்கும் ஆள் தேவைதானே? அதைச் செய்தால் போலிக் கடைகளில் பாதி தானாக மூடிவிடும் என்பது என் கணிப்பு.

அதுவரை உங்களால் முடிந்தது ஒன்று உண்டு. அடுத்த இதழில் அந்த ஒரு வரியைத் திருத்திப் போடுங்கள். விளம்பரப் பிரிவு வேறு, ஆசிரியர் குழு வேறு என்பது எனக்குத் தெரியும், பிள்ளையைப் படிக்க வைக்கிற பெற்றோருக்குத் தெரியாது. இடம் இருந்தால் மாணவர்களுக்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 18 வயதானதும் இலகு ரக லைசென்ஸ் எடுங்கள். ஒரு வருடம் கழித்து, 20 வயதும் ஆகிவிட்டால், கனரக வாகனத்துக்கு விண்ணப்பிக்கலாம். கூடவே நீச்சலும் பழகிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நிலைய அலுவலர்,
சாத்தூர், விருதுநகர் மாவட்டம்.