எழுதியது 400, இறங்கியது 200

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. தொடர்ந்து நைட் டூட்டி, திட்டாதே. பேத்திக்குச் சோறு ஊட்டியாயிற்றா?

எங்கள் குழந்தைகள் ஐசியுவில் நடந்த கூத்து ஒன்றை உன்னிடம்தான் சொல்ல முடியும். ஐந்து மாதக் குழந்தை, 5 கிலோ, வென்டிலேட்டரில் இருந்தது. மூன்று மணிக்கொருமுறை மூக்கு டியூபில் 50 மில்லி தாய்ப்பால் என்று டாக்டர் எழுதியிருந்தார். அப்படியானால் நாளுக்கு 400 மில்லி. ஒருநாள் சும்மா சார்ட்டைக் கூட்டிப் பார்த்தேன். இறங்கியது 200!

ஸ்கேன் என்று காலை 9 மணிப் பாலை நிறுத்தினோம். கூப்பிட்டது மதியம் 1 மணிக்கு. திரும்பி வந்ததும் ஆரம்பிக்கச் சொல்ல ஆளில்லை, 3 மணியும் போச்சு. 6 மணிக்கு ஒரு சிஸ்டர் டியூப் வழியே வயிற்றை உறிஞ்சிப் பார்த்து, முந்தைய பால் 15 மில்லி மீந்திருக்கிறது என்று அந்த வேளைப் பாலையும் விட்டுவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, நீயும் நானும் அப்படித்தானே படித்தோம்? அப்படி அளப்பதால் குழந்தைக்கு நன்மை என்பதற்குச் சான்றே இல்லை என்று 2020இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டி சொல்கிறது.

இன்னொரு கணக்கும் போட்டேன். நாளுக்குக் கிலோவுக்குக் குறைந்தது 1.5 கிராம் புரதம் வேண்டும், இவனுக்கு 7.5 கிராம். தாய்ப்பாலில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 1 கிராம்தான். ஆக, முழுசாக 400 இறங்கினாலே பற்றாது, தனியாகப் புரதம் சேர்த்தாக வேண்டும். இதில் பாதியை நாமே நிறுத்தினால்?

குறைந்ததை நரம்பு வழியாக ஏற்றிவிடலாம் என்று முன்பெல்லாம் அவசரப்படுவோம், ஞாபகமிருக்கிறதா? பெல்ஜியம், நெதர்லாந்து, கனடாவில் 1,440 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2016இல் வந்தது. நரம்பு வழிச் சத்தை ஒரு வாரம் தள்ளிப்போட்ட குழந்தைகளுக்குத்தான் புதுத் தொற்று குறைவு, ஐசியுவை விட்டும் சீக்கிரம் போனார்கள். குடலுக்கு ஈடு குடல்தான் போலிருக்கிறது.

அந்த அம்மா நாள் முழுக்க வெளியே பெஞ்சில். மூன்று மணிக்கொருமுறை பால் பீச்சிக் கொடுத்தனுப்புவாள். அன்றைக்கு எட்டுக் கிண்ணம் வந்தது, நான்கு ஃப்ரிட்ஜிலேயே கிடந்தது. ராத்திரி என்னைப் பிடித்துக்கொண்டு, "என் பால் பத்தலையா சிஸ்டர்? எடை ஏறவே இல்லையே" என்றாள். நான் என்ன சொல்ல!

மறுநாளே சார்ட்டில் இரண்டு கட்டம் போட்டேன்: எழுதியது, இறங்கியது. ஸ்கேன் நேரம் உறுதியான பிறகே பாலை நிறுத்துவது, விட்டுப்போனதை டாக்டரைக் கேட்டு அடுத்தடுத்த வேளைகளில் ஈடுகட்டுவது என்றும் பேசி வைத்தோம். சின்னப் பெண்கள் முதலில் முணுமுணுத்தார்கள். இப்போது நான் மறந்தாலும் அவர்களே கூட்டிப் போட்டுவிடுகிறார்கள்.

பையன் முந்தாநாள் வார்டுக்குப் போய்விட்டான். நேரே தாயிடம் குடிக்கிறான்.

உங்கள் வார்டில் ராத்திரிப் பாலை யார் குறிக்கிறார்கள்? அடுத்த கடிதத்தில் எழுது. முழங்காலைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
மல்லிகா