வண்டி நின்றுபோனால் என்ன செய்வது என்று யார் சொல்லித் தருவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் கேரவனில் குடும்பத்தோடு ஊர் சுற்றுவதைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் கூடவே வருகிற சுகத்தை அழகாக எழுதியிருந்தார்கள். நடுவழியில் வண்டி பழுதாகி நின்றால் என்ன செய்வது என்று மட்டும் ஒரு வரி கூட இல்லை. அப்படி நின்றவர்கள் நாங்கள். அதனால் இந்தக் கடிதம்.

நான் ஓய்வுபெற்ற செவிலியர். போன ஆண்டு நானும் என் கணவரும் 81 வயது மாமியாரும் ஆறு வயதுப் பேரனும் பத்து நாளுக்கு ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்தோம். வண்டியை ஒப்படைத்தவர் பொறுமைசாலி. முக்கால் மணி நேரம் ஒவ்வொன்றாகக் காட்டினார். கழிவுத் தொட்டியை எப்படிக் காலி செய்வது, வெயில் மறைப்பை எப்படி விரிப்பது, வெந்நீருக்கு எந்த சுவிட்ச் என்று எல்லாம் சொன்னார். சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம், எங்கே ஓரம் கட்டுவது, யாரிடம் என்ன விவரம் சொல்வது என்பதையெல்லாம் அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

நான்காம் நாள் மதியம், விரைவுச்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது முன்பக்கம் ‘பட்’டென்று ஒரு சத்தம். கூடவே பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. “பேட்டரி பழசா இருக்கும், ராத்திரி தங்குற இடத்துல பாத்துக்கலாம்” என்றார் கணவர். நான் என் தலைக்கு மேலே இருந்த விளக்கைப் போட்டுப் பார்த்தேன். பளிச்சென்று எரிந்தது. சரி, பேட்டரிக்கு ஒன்றுமில்லை என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம்.

கேரவனில் எஞ்சினுக்கு ஒரு பேட்டரி, வீட்டுப் பகுதிக்குத் தனியாக இன்னொரு பேட்டரி. உள்ளே விளக்கு எரிவதை வைத்து எஞ்சின் பேட்டரியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. அந்தச் சிவப்பு விளக்கும் பேட்டரி பழசு என்று சொல்ல வரவில்லை. சார்ஜ் ஏறவில்லை என்று சொல்கிறது. எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கி பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது ஆல்டர்னேட்டர். அதைச் சுழற்றும் பெல்ட் அறுந்திருந்தது. எங்கள் வண்டியில் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பும், ஸ்டியரிங்கை லேசாக்கும் பம்பும் அதே பெல்ட்டில்தான் ஓடின. இதெல்லாம் பின்னால் மெக்கானிக் சொல்லித்தான் தெரியும். அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், அடுத்த வளைவில் ஸ்டியரிங் கல்லாக இறுகியதும், வெப்பமானியின் முள் சரசரவென்று ஏறியதும்தான். இரண்டு கையாலும் இழுத்துத் திருப்பித்தான் கணவர் வண்டியை ஓரம் கட்டினார். அவருடைய கைகள் வெகுநேரம் நடுங்கிக்கொண்டே இருந்தன.

இதற்குப் பிறகு நாங்கள் செய்ததைத்தான் வாசகர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கார் நின்றால் எல்லாருமே உடனே இறங்கிவிடுவார்கள். கேரவன் நின்றால் இறங்கத் தோன்றாது, வீட்டுக்குள்தானே இருக்கிறோம்! அத்தை படுத்திருந்தார்கள். பேரன் மேல் படுக்கையில் தூங்கிக்கொண்டிருந்தான். உதவிக்குப் போன் செய்தாயிற்று, வரும்வரை தேநீர் போடலாம் என்று நான் அடுப்பைப் பற்றவைத்தேன். கேரவனின் பின்பாதி வெள்ளைக் கோட்டை ஒட்டி நின்றது. ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது, அலமாரியில் கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்துக் கலகலத்தன. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

எங்களைத் தாண்டிப் போன ஒரு லாரி ஓட்டுநர் தன் வண்டியை முன்னால் நிறுத்திவிட்டு ஓடி வந்தார். முதலில் எல்லாரும் இறங்குங்கள், மற்றதெல்லாம் அப்புறம் என்றார். அடுப்பை அணைத்து சிலிண்டர் வால்வையும் மூடச் சொன்னார். தூங்கிய பிள்ளையை அவரே தோளில் போட்டுக்கொண்டார். சாலைப் பக்கம் இல்லாத கதவு வழியாக இறங்கி, இரும்புத் தடுப்புக்கு அப்பால் போனோம். அங்கேயும் வண்டிக்கு நேராக நிற்க விடவில்லை. போக்குவரத்து எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக, கேரவனுக்குப் பின்னால் தள்ளி நிற்க வைத்தார். யாராவது வந்து மோதினால் கேரவன் முன்னோக்கித் தூக்கி எறியப்படும், அதன் முன்னால் நிற்பவர்கள் தப்ப முடியாது. அத்தைக்கு மட்டும் கேரவனிலிருந்தே ஒரு மடக்கு நாற்காலியை எடுத்து வந்து போட்டோம்.

எச்சரிக்கை முக்கோணத்தை என் கணவர் வண்டியிலிருந்து பத்தடி தள்ளி வைக்கப் போனார். மணிக்கு 100 கிலோமீட்டரில் வருகிற வண்டி ஒரு நொடியில் 28 மீட்டர் கடந்துவிடும். பத்தடி எந்த மூலைக்கு? வேகம் அதிகமான சாலையில் அதை வைக்க நடந்து போவதே உயிருக்கு ஆபத்து. விரைவுச்சாலையில் வைக்கவே வேண்டாம் என்று சொல்லும் நாடுகளும் உண்டு. போகும் நாட்டில் என்ன விதி என்பதைப் புறப்படும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

பிறகு என் கணவர் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கை வைத்தார். லாரிக்காரரும் நானும் ஒரே நேரத்தில் கத்தினோம். சூடான எஞ்சினில் அந்த மூடியைத் திறந்து, பீறிட்ட கொதிநீரில் முகமும் முன்கையும் வெந்துபோய் வந்தவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். எஞ்சின் முழுவதும் ஆறும்வரை அதைத் தொடவே கூடாது.

அத்தையின் இன்சுலின் குளிர்பெட்டியில் இருந்தது. ஓடும்போது அந்தப் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தது எஞ்சின்தான். எஞ்சின் நின்றதும் அதுவும் நின்றது. மூடிய வண்டி வெயிலில் அடுப்பாகிவிடும். இன்சுலினைத் துணியில் சுற்றி, ஐஸ் பொதிமேல் நேராகப் படாமல் பையில் வைத்துக் கையோடு எடுத்து வந்தேன். ஐஸில் உறைந்துவிட்டாலும் இன்சுலின் கெட்டுவிடும். இது ஒன்றைத்தான் அன்று நான் யாரும் சொல்லாமல் சரியாகச் செய்தேன்.

இரண்டு மணி நேரம் கழித்து ரெக்கவரி வண்டி வந்தது. காரைத் தூக்குகிற சின்ன வண்டி! எங்கள் கேரவனின் மொத்த எடை 4,250 கிலோ, நீளம் 7 மீட்டருக்கு மேல். போனில் பேசியவர் எடையும் கேட்கவில்லை, நீளமும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எங்களுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. வந்தவர் தலையைச் சொறிந்துவிட்டுத் திரும்பிப் போனார். பெரிய வண்டி வர மேலும் மூன்று மணி நேரம் ஆனது, இருட்டிவிட்டது. அதன் ஓட்டுநர் கேட்ட முதல் கேள்வி உயரம் எவ்வளவு என்பது. 3 மீட்டர் உயரக் கேரவனைத் தட்டுமேல் ஏற்றினால் மொத்தம் 4 மீட்டரைத் தாண்டிவிடும். வழியில் தாழ்வான பாலம் இருந்தால் வேறு பாதையில்தான் போக வேண்டும்.

மருத்துவமனையில் ஷிப்ட் மாறும்போது அடுத்து வருகிற செவிலியரிடம் நோயாளியை ஒப்படைப்போம். சாப்பிட்டார், தூங்கினார் என்பதோடு விடமாட்டோம். எது மோசமாகலாம், அப்படி ஆனால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் கட்டாயம் சொல்வோம். கேரவனை வாடகைக்கு விடுகிற நிறுவனங்களிடம் நான் கேட்பது அதைத்தான். முக்கால் மணி நேரத்தில் கால் மணி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். சிவப்பு விளக்குகளின் பொருளைச் சொல்லுங்கள். சிலிண்டர் வால்வு, முக்கோணம், ஒளிரும் சட்டை எங்கே இருக்கின்றன என்று காட்டுங்கள். உங்கள் அவசர உதவித் திட்டம் இந்த எடையும் நீளமும் உள்ள வண்டிக்குப் பொருந்துமா என்பதை நீங்களே சரிபார்த்து எழுதிக் கொடுங்கள்.

எடுக்கிறவர்களும் கேளுங்கள், டயரையும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 3216 என்றால் 2016ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். கேரவன் மாதக்கணக்கில் நின்றே கிடக்கும் என்பதால், மேலே பட்டை தேயாமல் புதிது போலவே இருக்கும் டயர் உள்ளுக்குள் கிழடாகியிருக்கலாம்.

பெல்ட் மாற்றிய பட்டறையிலேயே ஒரு தாள் வாங்கி நீளம், உயரம், எடை, வண்டியின் பதிவெண், உதவி எண் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதினேன். மேலே முதல் வரியாக ‘எல்லாரும் இறங்கித் தடுப்புக்கு அப்பால் போகவும்’ என்று போட்டு, ஓட்டுநர் இருக்கைக்கு மேலே வெயில் மறைக்கும் பலகையில் ஒட்டினேன். மீதி ஆறு நாளும் அது அங்கேதான் இருந்தது. வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது, அடுத்து எடுத்துப் போகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று அதைக் கிழிக்காமல் விட்டு வந்தேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி