தரங்கம்பாடிக் கரையில் ஒரு கோடை நாள்

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஞாயிறன்று பிள்ளைகளுடன் தரங்கம்பாடிக்கு வந்திருந்தவர்களுக்கு நன்றி. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் நின்றன.

அன்று பேசத் தொடங்கி முடிக்காமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். 1620இல் டேனியர் எழுப்பிய கோட்டையையும், பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் அரித்துக்கொண்டு போயிருப்பதையும் அடுத்தடுத்துப் பார்த்தோம். அரசனின் ஆணைக்கோ டேனியக் கம்பெனியின் பீரங்கிக்கோ அந்த அலை கட்டுப்படவில்லை. ஆயினும், இவ்வளவு வலிய கடலின் கரை மனிதர் கையில் எத்தனை எளிதாகக் குலைகிறது என்பதே என்னை அதிகம் வருத்துகிறது. காவிரி சுமந்து வந்த வண்டலும் மணலும்தான் நம் கழிமுகத்தை உருவாக்கின. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பின் அந்த வண்டலில் பெரும்பங்கு நீர்த்தேக்கத்திலேயே படிந்துவிடுகிறது, எஞ்சிய ஆற்று மணலையும் நாம் அள்ளித் தீர்த்துக்கொண்டிருக்கிறோம். அந்த அணை நீரில் விளைந்த நெல்லைத்தான் நாம் உண்கிறோம் என்பதையும் மறந்து இதை எழுதவில்லை.

பங்குனி ஆமை என்னும் கடலாமையின் குஞ்சுகள் இரவில் மணலிலிருந்து வெளிவந்து, வெளிச்சமான திசையையே கடல் என்று நம்பிச் செல்பவை. தெருவிளக்கோ செல்பேசி விளக்கோ அவற்றை ஊர்ப்பக்கம் திருப்பிவிடும். எனவே அடுத்த முறை பொழுது சாய்ந்ததும் மணலில் எந்த விளக்கையும் ஏற்ற வேண்டாம் என்றும், கரையில் குப்பை சேராதிருக்க உணவைத் தூக்குவாளியிலோ வாழை இலையிலோ கொண்டுவருமாறும் அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.