உறவினரின் பழைய நோயும் பயணக் காப்புறுதியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு தமிழ்நாட்டுக்குச் சென்று அறுபடை வீடுகளைத் தரிசித்து வர ஏற்பாடு செய்திருந்தோம். விமானச் சீட்டுகளோடு பயணக் காப்புறுதியும் சேர்த்தே வாங்கினோம். புறப்படச் சில நாள்களே இருக்கும்போது என் மாமனார் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டு அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதால், பயணத்தை ரத்து செய்தோம். விமான நிறுவனம் விமான நிலையக் கட்டணத்தை மட்டுமே திருப்பிக் கொடுத்தது. நெருங்கிய உறவினரின் கடும் நோயால் பயணம் ரத்தானால் இழப்பீடு உண்டு என்று காப்புறுதிப் பத்திரத்தில் இருந்ததாலும், மாமனார் மாமியாரும் அந்த உறவினர் பட்டியலில் இருந்ததாலும், மீதிப் பணம் கிடைத்துவிடும் என்றே நம்பியிருந்தோம்.

காப்புறுதி நிறுவனமோ முதலில் மருத்துவமனைக் கடிதம் கேட்டது. அதைக் கொடுத்த பிறகு விரிவான மருத்துவ அறிக்கை கேட்டது. அதுவும் கிடைத்த பின் உறவுமுறைக்குச் சான்றாக என் மனைவியின் பிறப்புப் பத்திரத்தைக் கேட்டது. இவற்றை எல்லாம் முதல் நாளே ஒரே பட்டியலாகச் சொல்லியிருக்கலாம். கடைசியில் வந்தது மறுப்புக் கடிதம். மருத்துவ அறிக்கையில் "இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்" என்று மருத்துவர் எழுதியிருந்த ஒரே ஒரு வரியைச் சுட்டிக்காட்டி, இது ஏற்கெனவே இருந்த நோயின் விளைவு, ஆகவே இழப்பீடு கிடையாது என்று சொல்லும் விலக்கு விதியின் கீழ் வருகிறது என்று கூறி, கோரிக்கையை நிராகரித்துவிட்டார்கள்.

2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருக்கிறது. எழுபதைத் தாண்டியவர்களில் மாத்திரை சாப்பிடாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்படியிருக்க, பெற்றோரின் நோய்க்குப் பாதுகாப்பு தருவதாக ஒரு பக்கத்தில் சொல்லிவிட்டு, அந்தப் பெற்றோருக்கு முன்பே இருந்த எந்த நோயையும் காரணம் காட்டி இன்னொரு பக்கத்தில் விலக்கிக்கொண்டால், அந்தப் பாதுகாப்பு யாருக்குத்தான் பயன்படும்?

விற்கும்போது எங்கள் பெற்றோரின் உடல்நிலை பற்றி ஒரு கேள்விகூட கேட்கப்படவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய மனக்குறை. 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தின்படி, தனிநபர் வாங்கும் காப்புறுதியில் நிறுவனம் கேட்காத ஒன்றைத் தெரிவிக்கவில்லை என்று வாடிக்கையாளர்மீது குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அதே விவரம் விலக்கு விதி என்ற பெயரில் கொல்லைப்புறமாக நுழைந்து, கோரிக்கையைத் தட்டிக்கழிக்க உதவுகிறது. சட்டத்தின் எழுத்துக்கு இது உட்பட்டதாகவே இருக்கலாம்; நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இதே நிலையில் இருக்கும் வாசகர்கள் மறுப்புக் கடிதத்தோடு ஓய்ந்துவிட வேண்டாம். நிறுவனத்தின் இறுதி முடிவு கைக்கு வந்த ஆறு மாதங்களுக்குள், கோலாலம்பூரில் உள்ள நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மன் சேவை என்ற, நிதி நிறுவனங்கள்மீதான புகார்களை நடுநிலையாக விசாரிக்கும் அமைப்பிடம் புகார் செய்யலாம். முன்பு நிதிச் சேவை ஓம்புட்ஸ்மன் என்று இயங்கிய அமைப்பே 2025 முதல் இந்தப் பெயரில் செயல்படுகிறது. 2,50,000 ரிங்கிட் வரையிலான வழக்குகளை விசாரிக்கும் இந்த அமைப்பு, புகார்தாரரிடம் கட்டணம் வாங்குவதில்லை. அதன் தீர்ப்பை நாம் ஏற்றுக்கொண்டால் நிறுவனமும் கட்டுப்பட்டே ஆக வேண்டும். நாம் ஏற்காவிட்டால் நீதிமன்றம் செல்லும் உரிமை நமக்கு இருக்கிறது. நாங்களும் அங்கே புகார் கொடுத்திருக்கிறோம்.

நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். பயணக் காப்புறுதி விற்கும்போது கொடுக்கப்படும் விளக்கத் தாளின் முதல் பக்கத்திலேயே, உறவினருக்கு முன்பே இருந்த நோயால் பயணம் ரத்தானால் பணம் கிடைக்காது என்பதைக் கொட்டை எழுத்தில் அச்சிடும்படி நிறுவனங்களுக்கு உத்தரவிட வேண்டும். இணையத்தில் விமானச் சீட்டோடு சேர்த்து விற்கப்படும் காப்புறுதிக்கும், பணம் கட்டுவதற்கு முன்பே கண்ணில் படும்படி இந்த வரி இடம்பெற வேண்டும்.

இப்படிக்கு,
பாதிக்கப்பட்ட பயனீட்டாளர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு