அத்தானின் லாக்டேட்

மண்டபம்
மே 19

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. பதில் போடவில்லை என்று திட்டாதே, பாதி நாள் மதுரையில் ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் கிடந்தேன்.

ஏப்ரல் 15-ல் தடைக்காலம் தொடங்கி விசைப்படகெல்லாம் கட்டிப்போட்டாச்சு. அத்தானுக்குச் சும்மா இருக்க முடியுமா? கரைவலை இழுக்கப் போய், இடுப்பளவுத் தண்ணீரில் திருக்கையை மிதித்துவிட்டார். முள் கணுக்காலில் ஏறியது. சுடுதண்ணீரில் காலை வைத்தார், வலி அடங்கியது, அதோடு மறந்தும் போனார். சர்க்கரைக்காரர் வேறு. மூன்றாம் நாள் முழங்கால் வரை வீக்கம், நான்காம் நாள் பேச்சு குளறியது. மதுரை போய்ச் சேரும்போது பிரஷர் தரையில் கிடந்தது.

ஐசியூவில் முதல் ரத்தத்தில் லாக்டேட், அதாவது ரத்தத்தில் சேரும் லாக்டிக் அமிலத்தின் அளவு, 6.1. பழைய லேப்காரன் என்று எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். 2-க்குள் இருக்க வேண்டியது அது. வலையை மூச்சுப் பிடித்து இழுத்தாலும் ஏறும், ஆனால் உட்கார்ந்து இளைப்பாறினால் இறங்கிவிடும். படுத்துக் கிடப்பவருக்கு 6 என்றால், செல்களுக்குப் பிராணவாயு சரியாகப் போகவில்லை, அல்லது கல்லீரல் கழிக்க வேண்டியதைக் கழிக்கவில்லை, அல்லது இரண்டும்.

புளித்த பாலில் ஷீலே என்ற வேதியியல்காரர் 1780-ல் கண்டுபிடித்த அமிலம்தான் இது. மனித ரத்தத்தில் அதை ஷெரர் என்ற டாக்டர் 1843-ல் கண்டது, பிரசவக் காய்ச்சலில் இறந்துபோன பெண்களிடம். அதாவது முதலில் சிக்கியதே சாவுக்குப் பக்கத்தில்தான்.

நீ கணக்கு வாத்தியார், மீதியைக் கேள். கிருமித் தொற்று முற்றியவருக்குச் சலைன் ஏற்றிய பிறகும் பிரஷருக்கு மருந்து ஓடவேண்டியிருக்கிறது, லாக்டேட்டும் 2-க்கு மேலேயே நிற்கிறது என்றால் அதற்கு செப்டிக் ஷாக் என்று பெயர். 2016-ல் வகுத்த வரையறை. அப்படிப்பட்டவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரியிலேயே இறந்துவிடுகிறார்கள். டியூட்டி டாக்டர் இதை மறைக்காமல் சொன்னார். அக்கா உடனே கேட்டாள்: "இவரு அந்த நாப்பதுலயா, அறுபதுலயா?"

முப்பது வருஷம் ரத்தம் பார்த்தவனுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. நூறு பேரை வைத்துப் போட்ட கணக்கில் ஒரு ஆளைத் தேடினால் எங்கே கிடைப்பார்? டாக்டரும் அதைத்தான் சொன்னார்: "முதல் நம்பரை விடுங்கம்மா, அடுத்தது இறங்குதான்னு பாப்போம்."

ஆறு மணி நேரம் கழித்து 3.8. அதற்குள் காலைக் கீறிச் சீழை எடுத்து, ஆன்டிபயாட்டிக்கும் ஏற்றியிருந்தார்கள். மறுநாள் காலை 1.9. நடுவில் ஒரு தடவை 5 என்று வந்து வயிற்றைக் கலக்கியது. எடுத்த ரத்தத்தை ஐஸில் வைக்காமல் யாரோ மேசையிலேயே விட்டுவிட்டார்கள் போல. குழாய்க்குள்ளும் சிவப்பணுக்கள் லாக்டேட்டைச் செய்துகொண்டேதான் இருக்கும். மறுபடி எடுத்தால் 2.6! மனுஷனுக்கு ஒன்றும் இல்லை, குழாய்க்குத்தான் சீக்கு.

இன்னொன்று எனக்குப் புதுசு. ரத்தம் நுனிவரை ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க டாக்டர் அடிக்கடி அத்தானின் விரல் நுனியை அழுத்தி வெளுக்க வைத்து, சிவப்பு திரும்ப எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுவார். மூன்றுக்கு மேல் போனால் சரியில்லை. லாக்டேட்டைப் பார்த்துச் சிகிச்சை செய்வதா, இந்த விரலைப் பார்த்தா என்று தென்னமெரிக்காவில் 424 நோயாளிகளை வைத்து ஒரு ஆய்வே நடந்தது, 2019-ல் வெளியானது. விரல் தோற்கவில்லை. மெஷினை நம்பியே காலம் தள்ளிய எனக்குக் கொஞ்சம் ரோஷம்தான்.

அத்தான் வீட்டுக்கு வந்துவிட்டார். புண் ஆறுகிறது, வாய் ஏற்கெனவே ஆறிவிட்டது. தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் திருக்கை விலகி ஓடிவிடும் என்று எனக்கே பாடம் எடுக்கிறார்.

அப்புறம், ஜூன் 14-ஓடு தடை முடிகிறது. பள்ளிக்கூடத்துக்கு இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வா. நண்டு வாங்கி வைக்கச் சொல்கிறேன்.

உன்
கடைசி பெஞ்சுக்காரன்