விரதம் முடிந்த பிறகும் கூடவே நின்றவர்களுக்கு நன்றி

பினாங்கு ஆயர் ஈத்தாம் வட்டாரத்தில் எங்கள் காற்பந்துக் குழுவை அறிந்த எல்லோருக்கும் வணக்கம்.

தைப்பூசம் முடிந்து பல வாரங்கள் ஆகிவிட்டன. எங்கள் குழுவில் காவடி எடுத்த பையன்களில் பெரும்பாலோர் இன்னும் சிகரெட்டைத் தொடவில்லை. ஆட்டம் முடிந்த இரவுகளில் பீர் வாங்கி வந்து உட்காரும் பழக்கமும் நின்றிருக்கிறது. பயிற்றுநர் என்பதால் திடலில் பார்க்கிறவர்கள் என்னைத்தான் பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டு போய்ச் சேர வேண்டியவர்கள் வேறு ஆட்கள். அவர்களில் சிலருக்குத் தாங்கள் எவ்வளவு பெரிய உதவி செய்திருக்கிறோம் என்பதே தெரியாது. அதனால்தான் இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதல் நன்றி, அரசாங்க கிளினிக்கில் புகைப்பழக்கத்தை நிறுத்த உதவும் பிரிவைக் கவனிக்கும் தாதிக்கு. பையன்களுக்கு அவர் ‘மிஸ்ஸி’. ஒருவனை மட்டும் அழைத்துப் போன என்னிடம், "தனியா வந்தா தனியா திரும்பிப் போயிடுவான் சார், எல்லாரையும் கூட்டிட்டு வாங்க" என்றார். கூட்டிப் போனேன். அறிவுரை எதுவும் சொல்லாமல், கையடக்கமான ஒரு கருவியை எடுத்து நீட்டினார். மூச்சை இழுத்து 15 வினாடி அடக்கி, பிறகு மெதுவாக ஊத வேண்டும். மூச்சில் இருக்கும் கார்பன் மோனாக்சைடின் அளவு திரையில் வந்துவிடும். புகைக்காத பையனுக்கு ஓரிரண்டுதான் வந்தது. ஷிப்ட் முடித்து நேராக வந்த பையனுக்கு இருபதைத் தாண்டியது.

அதன் அர்த்தத்தை அவர் விளக்கியது எனக்கே புதிய பாடம். புகையிலை எரியும்போது வரும் இந்த வாயு, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜன் பிடிப்பதைவிட 200 மடங்குக்கும் அதிக பலத்தோடு பிடித்துக்கொள்கிறது. காலை நேரத்துக் கொம்தார் பஸ்ஸில் இருக்கையைப் பிடித்தவர் கடைசி வரை எழுந்திருக்காத மாதிரிதான். ஆக்சிஜனுக்கு இடம் கிடைப்பதில்லை. நிக்கோட்டின் தன் பங்குக்கு இதயத் துடிப்பைக் கூட்டி ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. ஆக, ஓடாமல் நிற்கும்போதே இதயம் கூடுதலாக வேலை செய்கிறது, ஓடும்போதோ தசைக்குப் போக வேண்டிய ஆக்சிஜன் குறைகிறது. இரண்டாம் பாதியில் பந்து காலுக்கு வந்தும் ஓட முடியாமல் இடுப்பில் கை வைத்து நிற்கும் பையனை நான் ஆண்டுக்கணக்கில் பார்த்து வருகிறேன். காரணத்தை அன்றைக்குத்தான் எண்ணாகப் பார்த்தேன்.

மிஸ்ஸி அதோடு விடவில்லை. இரவு முழுக்கப் புகைக்காமல் மறுநாள் வரச் சொன்னார். கருவியில் எண் இறங்கியிருந்தது. அந்த வாயு சில மணி நேரத்திலேயே ரத்தத்தை விட்டு விலகத் தொடங்கிவிடும், அரை நாளுக்கு மேல் புகைக்காமல் இருந்தாலே அளவு நன்றாகக் குறைந்துவிடும் என்றார். சிகரெட் பெட்டியில் இருக்கும் நோயாளிப் படங்களைப் பார்த்து மிரளாத பையன்கள், அந்தச் சின்னத் திரையைப் பார்த்து வாயடைத்துப் போனார்கள். வேப் எனும் மின்சிகரெட் ஊதும் பையன் ஒருவன் தன் எண் குறைவு என்று பெருமைப்பட்டான். வேப்பில் எதுவும் எரிவதில்லை, அதனால் இந்தக் கருவி காட்டாது, ஆனால் நிக்கோட்டின் உனக்கும் உள்ளேதான் போகிறது என்று பக்குவமாகச் சொல்லி அவனையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். 2024 அக்டோபரிலிருந்து நடப்பில் இருக்கும் புதிய சட்டப்படி 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு வேப்பையும் விற்கக்கூடாது என்பதை எங்கள் இளையோர் பிரிவுப் பெற்றோருக்கு எடுத்துச் சொன்னதும் அவர்தான்.

அடுத்து, காவடிக் குழுவை நடத்தும் பெரியவருக்கு. ஐயா, நீங்கள் சொன்ன ஒரு வார்த்தையில்தான் எல்லாம் திரும்பியது.

நம் பிள்ளைகளால் சிகரெட்டையும் மதுவையும் விட முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஒவ்வோர் ஆண்டும் விடுகிறார்கள். 48 நாளோ 21 நாளோ விரதம் இருந்து, தண்ணீர்மலையில் 513 படிகளையும் காவடியோடு ஏறி முருகனைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஆனால் இறங்கி வந்த அன்று மாலையோ மறுநாளோ பழைய கூட்டத்தோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். புகையை நிறுத்தி 2 முதல் 12 வாரங்களுக்குள் ரத்த ஓட்டம் சீராகி நுரையீரலின் திறன் கூடுகிறது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இருமலும் மூச்சிரைப்பும் குறைய 1 முதல் 9 மாதம் வரை ஆகலாம். அதாவது 48 நாள் விரதம் முடிகிற நேரம், உடம்பு பலன் கொடுக்கத் தொடங்கியிருக்கும் நேரம். நம் பிள்ளைகள் சரியாக அந்த இடத்தில்தான் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு இதைவிட வேதனையான விஷயம் வேறு இல்லை.

காப்பு அவிழ்த்த அன்று ஐயா பையன்களை உட்கார வைத்து, "முருகனுக்காக விட்டதை, காப்பைக் கழட்டினதும் திரும்ப எடுத்துக்கணும்னு யாருப்பா சொன்னது?" என்று கேட்டார். அதட்டலே இல்லை, உண்மையாகவே பதில் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார். பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் விடியற்காலையில் படியேறத் தானும் வருவதாகச் சொன்னார். வருகிறார். அந்த வயதில் அவர் முன்னால் ஏறும்போது, பின்னால் வருகிறவனுக்குச் சிகரெட் பிடித்துவிட்டு வர மனம் வருமா?

ஆட்டத்துக்குப் பிறகு எங்களுக்கு மேசை ஒதுக்கித் தரும் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடைக்காரருக்கும் நன்றி. எங்கே போய் உட்காருவது என்பதுதான் பாதிப் பிரச்சினை. இரவு எவ்வளவு நேரமானாலும் பார்லித் தண்ணீரும் சோறும் கோழியும் எடுத்து வைத்திருந்தீர்கள், பாய். 2019 ஜனவரியிலிருந்து உணவுக்கடைகளில் புகைக்கத் தடை இருப்பதும் எங்களுக்கு உதவியாகவே இருந்தது.

மதுவைப் பற்றி ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ‘ஆட்டம்தான் முடிஞ்சிடுச்சே, இப்ப குடிச்சா என்ன’ என்று பல குழுக்களில் நினைக்கிறார்கள். ஆட்டம் முடிந்த பிறகுதான் உடம்பு தன்னைப் பழுது பார்க்கிறது. மது சிறுநீரைக் கூட்டுவதால் வியர்த்து இழந்த நீர் திரும்பச் சேருவது தாமதமாகிறது, தூக்கத்தின் தரமும் கெடுகிறது. ஆஸ்திரேலியாவில் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், கடும் பயிற்சிக்குப் பிறகு நிறைய மது குடித்தவர்களின் உடல் தசைக்குத் தேவையான புரதத்தை உருவாக்கும் வேகம், கூடவே புரத உணவு சாப்பிட்டபோதும் 24 விழுக்காடு குறைந்திருந்தது. சனிக்கிழமை குடித்துவிட்டு செவ்வாய்க்கிழமை பயிற்சியில் கால் பிடிக்கிறது என்று புகார் சொன்ன பையன்களிடம் இதை எடுத்துச் சொன்னது, எங்களுக்கு இலவசமாக வந்து கால் தசையைப் பார்த்துவிடும் பிசியோ தங்கை. அவருக்கும் நன்றி.

இப்போது சொல்லப் போவது கொஞ்சம் கனமானது. எங்கள் திடலில் கோடு போட்டு வலை கட்டும் அண்ணன், நீண்ட காலமாகத் தினமும் சம்சு என்ற மலிவான சாராயம் குடித்து வந்தவர். பையன்கள் விடுவதைப் பார்த்து அவருக்கும் வேகம் வந்துவிட்டது, நாளையிலிருந்து ஒரு சொட்டு இல்லை என்றார். நாங்கள் கைதட்டினோம். கிளினிக் டாக்டர்தான் தடுத்தார். தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, சிலருக்கு வலிப்பு, மனக்குழப்பம் வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம், மருத்துவர் பார்வையில் மருந்தோடு நிறுத்த வேண்டும் என்று விளக்கி, அன்றே மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். டாக்டர், நீங்கள் அவசரம் காட்டியதால் எங்கள் அண்ணன் நலமாக இருக்கிறார். வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், பாட்டிலைப் பிடுங்கி ஊற்றுவதற்கு முன் தயவுசெய்து டாக்டரைப் பாருங்கள்.

சம்சுவைப் பற்றிப் பேசும்போது பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை நினைக்காமல் இருக்க முடியாது. தோட்டங்களில் சின்னப் போத்தல்களில் அது மலிவாக விற்கப்பட்ட காலத்திலிருந்தே, அதற்கும் சிகரெட்டுக்கும் எதிராக விடாமல் குரல் கொடுத்த அமைப்பு அது. 2019இல் மறைந்த அதன் தலைவர் எஸ்.எம். முகமது இத்ரிஸ் அவர்களுக்கு நம் சமூகம் பட்டிருக்கும் கடன் பெரியது.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில், இடைவேளையில் பையன்களைப் புகைக்கும் மூலைக்கு இழுக்காமல் தன்னோடு கேன்டீனுக்கு அழைத்துப் போன சூப்பர்வைசர் அக்காவுக்கு நன்றி. முதல் வாரத்தில் வீட்டில் எரிந்து விழுந்த மகன்களைப் பொறுத்துக்கொண்ட அம்மாக்களுக்கு நன்றி. அந்த எரிச்சல் நிக்கோட்டின் இறங்குவதால் வருவது, சில வாரங்களில் போய்விடும் என்று மிஸ்ஸி முன்கூட்டியே சொல்லி வைத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று!

கடைசியாக, இடையில் மறுபடி பற்ற வைத்துவிட்டு, முகம் காட்டக் கூச்சப்பட்டுத் திடலுக்கு வராமல் இருந்து, பிறகு வந்த அந்த இரண்டு தம்பிகளுக்கு. பலர் பல முறை முயன்ற பிறகுதான் முழுமையாக விடுகிறார்கள் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். உங்கள் ஜெர்சி எண்களை யாருக்கும் கொடுக்கவில்லை. மிஸ்ஸி உங்களுக்கு அடுத்த வாரம் நேரம் ஒதுக்கியிருக்கிறார், நானும் கூட வருகிறேன். செவ்வாய்க்கிழமை பயிற்சி வழக்கமான நேரம்தான்.

அன்புடனும் நன்றியுடனும்,
குழுவின் பயிற்றுநர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு